கவச குண்டலத்தோடு பிறந்த கிதார்

போடியில் ஏலக்காய் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் போன் எடுப்பது என் வேலை. சவூதியிலிருந்தும் போலந்திலிருந்தும் பேசுகிற வியாபாரிகளின் பெயரை ஒரு தடவை காதில் வாங்கினால் போதும், மறு தடவை அவர்களைப் பெற்றவள் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவேன். எங்கள் முதலாளி இன்னமும் ‘அந்த இருமுற ஆளு’, ‘அந்தக் கோவக்கார ஆளு’ என்று சொல்லித்தான் காலத்தை ஓட்டுகிறார்.

என் வாய்க்கு வராத பெயர் ஒன்றே ஒன்றுதான். எங்க வீட்டுக்காரர் பெயர். கர்ணன். எழுதுவதில் தப்பில்லை, ரேஷன் கார்டிலிருந்து கேஸ் புக் வரை நான்தான் எழுதியிருக்கிறேன். சொல்வதுதான் ஆகாது. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று எங்கம்மா மிரட்டி வளர்த்தது. எனக்கு அதில் துளி நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லை என்று நாக்குக்கு யார் சொல்வது? ‘ஏங்க’, ‘இங்கன பாருங்க’ என்றே இருபது வருஷத்துக் குடும்பம் நடந்துவிட்டது.

அவர் சின்னமனூரில் நிலை, கதவு, ஜன்னல் செய்கிற தச்சர். தேனி பஜாரில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் ஸ்டான்லி ஒரு நாள் முதுகு உடைந்த கிதார் ஒன்றைக் கொண்டுவந்து, ‘இத ஒட்டிக் குடுங்கண்ணே’ என்றார். இவர் அதன் உள்ளே எட்டிப் பார்த்தார். அதோடு எங்கள் வீட்டில் கதவு வேலை ஒழிந்தது. அவரே கிதார் செய்ய ஆரம்பித்துவிட்டார். முதலில் செய்தது, தட்டினால் ஸ்டூல் மாதிரி சத்தம் கொடுத்தது. போகப் போகச் செய்தவற்றை ஸ்டான்லி மடியில் வைத்துக்கொண்டு கடையைத் திறக்கவே மறந்து உட்கார்ந்திருந்தார்.

நல்ல மரம் வேண்டும் என்று தேடித் தேடி வருசநாட்டில் இருளம்மாள் என்கிற அம்மாவின் தோட்டத்துப் பலாவில் போய் நின்றோம். இருளம்மாளின் வீட்டுக்காரர் நட்ட மரம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மரம் போன ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. மர வியாபாரிகள் எத்தனையோ பேர் கேட்டும் அந்தம்மா கொடுக்கவில்லை. எங்களையும் வாசலில் நிறுத்தித்தான் பேசினாள்.

‘ஒங்க வீட்டுக்காரக பேரென்ன?’ என்று என்னைக் கேட்டாள்.

நான் வழக்கம்போல, ‘கவச குண்டலத்தோட பொறந்தவுக,’ என்றேன்.

 அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: ‘எங்க வீட்டுக்காரகளும் கவச குண்டலத்தோட பொறந்தவுகதேன்.’

மரம் கிடைத்துவிட்டது. கூடவே நிபந்தனையும் வந்தது. ‘இத நான் வெட்டி விக்கல. பொண்ணாக் குடுக்குறேன். நாளைக்கு அதுக்குப் பிள்ள பொறந்தா, தாய்மாமன் வந்து மொற செய்வான். பேரு வைக்கிறதும் அவந்தேன். சம்மதமா மாப்ளே?’

எங்க வீட்டுக்காரர் மரத்தைத் தடவிக்கொண்டே ‘ம்’ என்றார். வாயில் ஆணி. இப்படியாக நான் ஒரு பலா மரத்துக்குச் சக்களத்தி ஆனேன்.

அந்த ஆணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தச்சர்கள் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது ஆணியை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். இவர் வேலை இல்லாதபோதும் கவ்விக்கொள்வார். மனதில் பயம் வந்தால் கை சட்டைப் பைக்குப் போகும், நாலு ஆணி வாய்க்கு வரும். ‘ம்’ என்றால் சரி. ‘ம்ம்’ என்றால் பசிக்கிறது. ‘ம்ஹும்’ என்றால் என் தம்பி வருகிறான்.

தம்பி சுரேஷ்கண்ணன் தேனியில் பிளைவுட் அலமாரிக் கடை வைத்திருக்கிறான். ரெடிமேட் பலகை வரும், கீல் வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் அலமாரி. ‘மாமாவ நம்ம கடைக்கு வரச் சொல்லுக்கா, ஏன் இந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுகுறாக?’ என்று வாரம் தவறாமல் வந்து சொல்வான். பிளைவுட் என்ற சொல்லைக் கேட்டாலே எங்க வீட்டுக்காரருக்கு முகம் செத்துவிடும்.

பலா மரம் ஒரு வருஷம் காய்ந்து, கிதாராகி, பாலிஷ் போடுகிற சமயத்தில் ஸ்டான்லி ஓடி வந்தார். கொச்சியில் பெரிய இசைப்பள்ளியாம். பிள்ளைகளுக்கெல்லாம் கிதார் செய்து தர ஒரே ஓர் ஆளைத் தேடுகிறார்களாம். தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துத் தேர்வு. செய்தவர் மேடையில் நின்று, கிதாரின் பெயரையும் உறுப்புகளின் பெயரையும் மைக்கில் சொல்லி விளக்க வேண்டும்.

‘இதுல தேறலைன்னா பிளைவுட்டுக்கே போயிர்றேன்,’ என்று எங்க வீட்டுக்காரர் சொன்னார். ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னார் என்றால் அது விளையாட்டுப் பேச்சில்லை.

அன்று முதல் பாடம் ஆரம்பித்தேன். கிதார் செய்கிறவருக்கு ‘லூத்தியர்’ என்று பெயர். ஓட்டையைச் சுற்றிய பூவளையம் ‘ரோசெட்’. ஓரத்தில் நூல் மாதிரி ஓடுகிற அலங்காரக் கோடு ‘பர்ஃப்லிங்’. யூடியூப்பில் கேட்டு நான் அரை நாளில் பிடித்துவிட்டேன். இவருக்கு மூன்றும் ஒரே மாதிரி, ‘ம்ர்ஃப்’ என்று வந்தது. ஆணியைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சொல்லச் சொன்னால் வேர்த்துப் போகிறார். அடுப்படியில் நின்றுகொண்டு நான் ‘பர்ஃப்லிங்!’ என்று கத்துவேன், பட்டறையிலிருந்து ஏதோ கீழே விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

‘நீங்க பேச வேணாம். கிதாரப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் பேசுறேன்,’ என்றேன். ஸ்டான்லி கொச்சிக்குப் போன் போட்டுக் கேட்டார். வீட்டு ஆள் யார் பேசினாலும் சரி என்று சொல்லிவிட்டார்கள். கிதாருக்கு ‘வலென்சியானா’ என்று பெயரும் யோசித்து வைத்தேன். அர்த்தம் என்ன என்றெல்லாம் கேட்கக் கூடாது, சொல்வதற்கு வாய் நிறைய இருந்தது.

தேர்வுக்கு முதல் நாள் காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. உறுமி முழங்கியது. இருளம்மாள் இறங்கினாள், பின்னால் அவள் மகன் தவசி பட்டு வேட்டியில் இறங்கினான். தட்டுத் தட்டாகச் சீர். வாழைப்பழம், கற்கண்டு, பிள்ளைக்குச் சட்டை, வெள்ளியில் அரைஞாண் கொடி.

‘அக்கா, மருமகன் எங்க?’ என்றான்.

மருமகன் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான். சட்டை சேரவில்லை. அரைஞாண் கொடி மட்டும் இடுப்பில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இருளம்மாள் கன்னம் எது என்று கண்டுபிடித்துத் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

அடுத்து காது குத்த வேண்டும் என்றான் தவசி. நான் வாயைத் திறப்பதற்குள் எங்க வீட்டுக்காரர் டிரில்லிங் மெஷினோடு வந்துவிட்டார். தோள்வார் மாட்டுகிற குமிழுக்கு ஓட்டை போட வேண்டிய வேலை பாக்கி இருந்ததாம். தவசி சம்மணம் போட்டு உட்கார்ந்து கிதாரை மடியில் வைத்துக்கொண்டான். டிரில் ஓடியபோது எல்லாத் தாய்மாமன்களையும் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிள்ளை அழக் கூடாது என்று இருளம்மாள் ஒரு பிடி கற்கண்டை நடு ஓட்டைக்குள் போட்டாள்.

‘ஆத்தா, அது காது. அங்கன போய் ஏன் போடுற?’

‘வாயிடா அது.’

‘காதுன்னா காதுதேன். நான் பேரச் சொல்ல வேணாமா?’

தாயும் மகனும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்கள். ரோசெட் என்று ஒரு சொல் இருப்பதை இந்த இடத்தில் நான் எப்படிச் சொல்வது? பிறகு தவசி குனிந்தான். ஓட்டையில் வாயை வைத்து மூன்று தடவை சொன்னான்.

‘கர்ணன். கர்ணன். கர்ணன்.’

எங்க வீட்டுக்காரர் மூன்று தடவையும் ‘ம்ம்?’ என்று திரும்பினார்.

நான் குறுக்கே விழுந்தேன். ‘தம்பி, வலென்சியானான்னு…’

‘அது யாருக்கா? நம்ம சாதிசனத்துல அப்படி யாரும் இல்லயே. பேரனுக்குத் தாத்தன் பேரு வைக்கிறதுதான மொற? எங்கய்யா பேரு.’

அவர்கள் போன பிறகு நான் ஆடித் தீர்த்தேன். நாளைக்கு மைக்கில் நிற்பது யார்? அந்தப் பெயரைச் சொல்வது யார்? மேடையில் மட்டும் வலென்சியானா என்று சொல்லிவிடுவோம் என்றேன். எங்க வீட்டுக்காரர் ஆணியை ஒவ்வொன்றாக எடுத்தார். ‘காதுல சொன்னது சொன்னதுதேன். அந்தம்மா நாளைக்கு மொத வரிசைல உக்காந்திருப்பாக,’ என்று சொல்லிவிட்டு, ஆணியை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ‘க’ வரைக்கும் வந்தது.

மண்டபத்தில் இரண்டு நடுவர்கள். ஒருவர் கொச்சி இசைப்பள்ளியின் டீச்சர், மலையாளி. இன்னொருவர் செம்பட்டைத் தாடி வைத்த வெளிநாட்டுக்காரர். ஸ்டான்லிதான் மைக் பிடித்து வரவேற்றார். ‘கிறிஸ்டோபர் ஐயா அவர்களே’ என்றார். தாடிக்காரர் முகம் வாடிவிட்டது. பெயர்ப்பலகையைப் பார்த்தேன். போலந்துக்காரர். எங்கள் கம்பெனிக்கு இதே பெயரில் ஓர் ஏலக்காய் வியாபாரி உண்டு. மேடையேறியதும் முதல் வேலையாக, ‘க்ஷிஷ்டோஃப், வணக்கம்,’ என்றேன். மனுஷர் எழுந்தே நின்றுவிட்டார். இந்தியாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் தன் பெயரைச் சரியாகச் சொன்ன முதல் ஆள் நான்தானாம். கடைசி வரிசையில் சுரேஷ்கண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

பிறகு பொரிந்து தள்ளினேன். லூத்தியர். ரோசெட். பர்ஃப்லிங். ஒவ்வொன்றுக்கும் டீச்சர் தலையாட்டினார். பக்கத்தில் எங்க வீட்டுக்காரர் கிதாரைக் கட்டிக்கொண்டு, வாயில் ஆணியோடு நின்றார். க்ஷிஷ்டோஃப் கிதாரை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே கடகடவென்று உருண்டது. கையை விட்டு ஒரு கற்கண்டை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் இடுப்பிலிருந்த வெள்ளிக் கொடியைக் காட்டி, இது என்ன வகை பர்ஃப்லிங் என்று கேட்டார்.

‘அது தாய்மாமன் சீருங்க,’ என்றேன். டீச்சர் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். அவர் அதை இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொண்டார்.

‘இனி பேரு,’ என்றார் டீச்சர்.

‘குந்தி பெத்த மூத்த பிள்ள,’ என்றேன்.

‘யுதிஷ்டிரனோ?’

‘இல்லைங்க. அதுக்கும் முந்தி. கல்யாணத்துக்கு முந்தி.’

டீச்சர் இதையும் இங்கிலீஷில் சொன்னார். க்ஷிஷ்டோஃப் திடுக்கிட்டு என்னையும் எங்க வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். பஞ்சாயத்து வேறு பக்கம் போகிறதே என்று நான், ‘கவச குண்டலம்! கவச குண்டலம்!’ என்று கத்தினேன். டீச்சருக்கு விளங்கிவிட்டது. ‘ஓ, கர்ணன்!’ என்றார். அப்பாடா என்று கீழே இறங்கப் போனேன்.

க்ஷிஷ்டோஃப் கையை நீட்டித் தடுத்தார். தன் பெயரை ஊரே கடித்துத் துப்பிய வேதனை அவருக்கு. அதனால் எந்தப் பெயரையும் அந்த வீட்டு ஆள் வாயால் மூன்று தடவை கேட்டுத்தான் பழகுவாராம். வேறு யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டாராம். என் பெயரை இவ்வளவு அழகாகச் சொன்ன நீங்கள் உங்கள் கிதாரின் பெயரைச் சொல்லித் தாருங்கள் என்று என் முன்னால் கைபேசியை நீட்டினார். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

‘சொல்லுக்கா, கர்ணன்னு சொல்லு!’ என்று தவசி கீழேயிருந்து கத்தினான். ‘பார்வையாளர்கள் எடுத்துக் குடுக்கப்புடாது,’ என்று ஸ்டான்லி மைக்கில் அதட்டினார். நான் ஜாடையாக எங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன். நீங்களாவது சொல்லித் தொலையுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. இருந்த நாலு ஆணி போதாதென்று இன்னும் நாலைக் கவ்விக்கொண்டார்.

டீச்சர் பேனாவை மூடினார். ‘பேரு பறையான் பற்றில்லெங்கில் அடுத்த ஆளை விளிக்காம்,’ என்றார். பெயர் சொல்ல முடியாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவாராம்.

கடைசி வரிசையில் சுரேஷ்கண்ணன் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். அவன் கையில் ஒரு புது ஸ்க்ரூ டிரைவர் செட். மாமாவுக்குக் கொடுக்க இன்றைக்கே வாங்கி வந்திருக்கிறான். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயுசு குறையுமாம் ஆயுசு. பிளைவுட் கடையில் உட்கார்ந்தால் மட்டும் கூடிவிடுமா?

‘கர்னான்!’ என்றேன்.

 சொல்லிவிட்டேன். ஆனால் என்ன சொன்னேன்? யாரோ கடல் தாண்டிய ஏலக்காய் வியாபாரியின் பெயர் மாதிரி இருந்தது. இருபது வருஷம் பூட்டிக் கிடந்த சொல் நேராகவா வரும்? இரண்டாவது தடவை, ‘கரணன்,’ என்று வந்தது. க்ஷிஷ்டோஃப் குழம்பிப் போய் இரண்டையும் சொல்லிப் பார்த்தார்.

அப்போது பக்கத்தில் ணிங், ணிங் என்று சத்தம். எங்க வீட்டுக்காரர் ஆணிகளை ஒவ்வொன்றாக மேசைமேல் போட்டுக்கொண்டிருந்தார். எட்டும் தீர்ந்ததும் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

‘அப்பிடி இல்ல ஹேமா,’ என்றார். ‘கர்-ணன். நடுவுல நிக்கப்புடாது, பின்னால இழுக்கப்புடாது. எங்க, சொல்லு.’

எனக்குப் பாடம். பர்ஃப்லிங்குக்காக அந்த மனுஷரை நான் படுத்திய பாடு என்ன! முகம் சுட்டது. ஆனாலும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

‘கர்ணன்.’

‘ஆங்,’ என்றார்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. திறந்த வாய் மூடவில்லை. பலா எங்கே நின்றது, எந்தக் காற்றில் சாய்ந்தது, காயும்போது எந்தப் பக்கம் முறுக்கியது, முறுக்கிய பக்கத்தை எப்படிச் சமாதானப்படுத்தினார் என்று எல்லாம் வந்தது. லூத்தியர் வரவில்லை, ரோசெட் வரவில்லை. ‘இது’, ‘அது’, ‘இங்கன’, ‘அங்கன’ என்று விரலை வைத்து வைத்துச் சொன்னார். ஸ்டான்லி மணியடித்தார். இவர் அந்த மண்டபத்து வாசல் நிலை அரை இஞ்சு சாய்ந்திருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். டீச்சரும் க்ஷிஷ்டோஃபும் எழுந்து போய் அதையும் பார்த்துவிட்டு வந்தார்கள். சாய்ந்துதான் இருந்ததாம்.

சாயங்காலம் முடிவைச் சொன்னார்கள். எங்க வீட்டுக்காரரேதான். ஒரே ஒரு நிபந்தனை, எல்லாக் கிதாருக்கும் அந்த வெள்ளித் தாய்மாமன் சீர் கட்டாயம் இருக்க வேண்டும். தவசி அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். சுரேஷ்கண்ணன் ஸ்க்ரூ டிரைவர் செட்டை ஸ்டான்லியிடம் நீட்டி, ‘கடைக்கு ஆகுமாண்ணே?’ என்று கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுதும்விட்டேன், அது தனி.

இருளம்மாளை ஏற்றிவிடத் தேனி பஸ் ஸ்டாண்டில் வருசநாட்டு வண்டிக்காக உட்கார்ந்திருந்தோம். பேரனைக் கொச்சிக்குக் கொடுத்தனுப்பும் முன் ஒரு நாழி வைத்துக்கொள்கிறேன் என்று இருளம்மாள் கிதாரை மடியில் வாங்கிக்கொண்டாள். எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்.

‘எப்பிடித்தா சொன்ன?’ என்று கேட்டாள்.

‘கோவத்துல வந்துருச்சும்மா. நீங்க சொன்னதே இல்லயா?’

‘அவுக இருக்கையில ஆயுசு கொறைஞ்சிரும்னு சொல்லல. போனப்பெறகு சொல்லலாம்னு வாயெடுப்பேன். எதுக்குச் சொல்ல? கூப்புட்டா ஆங்குன்னு கேக்க ஆளு வேணுமில்ல.’

 இருளம்மாள் அரைஞாண் கொடியைச் சரி செய்தாள். திருஷ்டிப் பொட்டை விரலால் தொட்டாள். வண்டிகள் பின்னால் எடுக்கும் விசில் சத்தத்தில், அந்த ஓட்டையில் வாயை வைத்து என்னவோ சொன்னாள். எனக்கு ‘க’ மட்டும் கேட்டது.

‘ஆங்?’ என்று எங்க வீட்டுக்காரர் கையில் முறுக்கோடு திரும்பினார்.

இருளம்மாள் கிதாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் யார் கூப்பிட்டது என்று என்னைப் பார்த்தார்.

‘கேள்வி கேக்காம இன்னொருக்கா ஆங்குன்னு சொல்லுங்க,’ என்றேன்.